லண்டனில் உங்கள் பாரிஷ் கோயிலைத் தேடிப் போங்கள்

ஊரிலிருந்து லண்டனுக்கு வரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகள் தங்க இடம் கிடைத்ததும் அடுத்துக் கேட்பது, "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகலாம்?" என்றுதான். பலர் மனதில் ஏற்கெனவே சில இடங்கள் இருக்கும். செயின்ட் பால்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர் அபே, யூடியூபில் பார்த்த ஏதோ ஒரு பெரிய சபை, அப்புறம் மத்தியானத்துக்கு மேல் தமிழ் ஆராதனை நடக்கும் இடம். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க வீட்டு போஸ்ட்கோடு என்ன?"

இங்கிலாந்தின் அதிகாரபூர்வத் திருச்சபையான சர்ச் ஆஃப் இங்கிலாந்து இந்த நாடு முழுவதையும் பாரிஷ்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுமார் 12,500 பாரிஷ்கள், 16,000 கோயில்கள். நம் பக்கத்துச் சேகரம் போல என்று நினைத்தால் பாதிதான் சரி. சேகரம் என்றால் சபையார், அவர்கள் குடும்பங்கள், வரிப்பட்டியலில் உள்ள பெயர்கள். இங்கே பாரிஷ் என்பது நிலம். அந்த எல்லைக்குள் குடியிருக்கிற எல்லோருக்கும் அந்தக் கோயிலின் குருவானவர் பொறுப்பு. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும், எதிர் வீட்டு குஜராத்திக் குடும்பமும், கோயில் பக்கமே வராத வெள்ளைக்காரரும் அவருடைய பாரிஷார்தான். 'எ சர்ச் நியர் யூ' என்ற இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் உங்கள் பாரிஷ் எது என்று காட்டிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே உங்களுக்கு ஒரு கோயில் இருக்கிறது, நீங்கள் இன்னும் அதன் வாசலை மிதிக்காவிட்டாலும்.

லண்டன் முழுவதும் ஒரே திருமண்டலம், அதாவது ஒரே பேராயரின் பகுதி, என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேம்ஸ் நதிக்கு வடக்கே, ஹாரோ, வெம்ப்ளி எல்லாம் லண்டன் திருமண்டலம். அதன் கதீட்ரல் செயின்ட் பால்ஸ். நதிக்குத் தெற்கே டூட்டிங், க்ராய்டன், நியூ மால்டன் பக்கம் சதக் திருமண்டலம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் என்றால் செம்ஸ்ஃபோர்ட் திருமண்டலம். ப்ராம்லி, பெக்ஸ்லி பகுதிகள் ராச்செஸ்டரைச் சேர்ந்தவை. தமிழர்கள் அதிகமாக வாழும் இடங்களே இப்படி மூன்று, நான்கு பேராயர்களுக்குக் கீழ் பிரிந்து கிடக்கின்றன. பிள்ளைகளையும் பலவீனரையும் காப்பதற்கான பாதுகாப்புப் பயிற்சி, பள்ளி விஷயம், புகார் என எதற்காவது திருமண்டல அலுவலகத்தை அணுக வேண்டி வந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டு செயின்ட் பால்ஸ் பக்கம் போய்க் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் செம்ஸ்ஃபோர்ட் திருமண்டலத்தில் 2021-ல் பொறுப்பேற்ற பேராயர் குலி பிரான்சிஸ்-தெக்கானி ஈரானில் பிறந்து, சிறுவயதில் நாட்டை விட்டு வந்தவர். சொந்த மண்ணை விட்டு வந்த ஒருவர் இங்கே பேராயராக இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தனித் தெம்பு.

அடுத்த விஷயம், எல்லா ஆங்கிலிக்கன் (சர்ச் ஆஃப் இங்கிலாந்து மரபுக்) கோயிலும் ஒன்றுபோல் இருக்காது. ஊரில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கில மிஷன் சங்கங்களின் வழிவந்த சபைகளுக்குள் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள் நமக்குத் தெரியும். இங்கே அதுவே பல மடங்கு. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மார்கரெட் தெருவில் ஆல் செயின்ட்ஸ் இருக்கிறது. 1859-ல் பிரதிஷ்டையான அந்தக் கோயிலில் சாம்பிராணி, மணி, பலிபீடத்தின் முன் முழங்கால் என்று கத்தோலிக்கக் கோயிலோ எனத் தோன்றும். அங்கிருந்து சில நிமிட நடையில், பி.பி.சி. கட்டடத்துக்குப் பக்கத்தில் ஆல் சோல்ஸ். ஜான் நாஷ் வடிவமைத்து 1824-ல் திறந்த கோயில். பேர்பெற்ற பிரசங்கியார் ஜான் ஸ்டாட் ஊழியம் செய்த இடம். அங்கே பிரசங்கம்தான் நடுநாயகம், பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பார்கள். தென்மேற்கே போனால் ஹோலி ட்ரினிட்டி ப்ராம்ப்டன். கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா வகுப்புகள் உலகமெங்கும் பரவியது அங்கிருந்துதான். கிதார், டிரம்ஸ், கைகளை உயர்த்தித் துதிப்பது எல்லாம் உண்டு. மூன்றும் ஒரே திருமண்டலம், ஒரே பேராயர்.

ஆகவே உள்ளே போகும் முன் வெளியே இருக்கும் அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். 'சங் மாஸ்', 'கன்ஃபெஷன்ஸ்', குருவானவர் பெயருக்கு முன் 'ஃபாதர்' என்று இருந்தால் கத்தோலிக்க முறைக்கு நெருக்கமான உயர்சபை மரபு. 'பாரிஷ் யூகரிஸ்ட்' என்றால் நடுவாந்தரம். பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ வளர்ந்தவர்களுக்கு முறை அதிகம் அந்நியமாகத் தோன்றாது. 'ஃபேமிலி சர்வீஸ்', 'மார்னிங் வர்ஷிப்' என்றால் பிரசங்கத்தை முன்னிறுத்தும் சுவிசேஷ மரபாக இருக்க வாய்ப்பு அதிகம். சில இடங்களில் பெண் குருக்களை ஏற்பதில்லை என்று பி.சி.சி. எனப்படும் பாரிஷ் மன்றத்தில் தீர்மானம் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட உயர்சபைப் பாரிஷ்களை லண்டனில் ஃபுல்ஹாம் பேராயர் கவனிக்கிறார். இங்கிலாந்தில் பெண்கள் குருக்களானது 1994-ல், பேராயரானது 2015-ல். நம் தென்னிந்தியத் திருச்சபையில் 2013-லேயே நந்தியாலில் ஒரு பெண் பேராயரானார். பெண் குருவானவரின் கையிலிருந்து திருவிருந்து வாங்கி வளர்ந்த பிள்ளைகள் இதைத் தெரியாமல் போய்ச் சேர்ந்து, பின்னால் மனம் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. கேட்பதில் தப்பே இல்லை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய கோயில்களுக்கு வாரநாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாரிஷுக்குப் போங்கள். செயின்ட் பால்ஸில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, மாலை ஈவ்ன்சாங் ஆராதனைக்குக் கட்டணம் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் அப்படியே. மாலை 5 மணியளவில் அந்தப் பாடகர் குழு சங்கீதத்தைப் பாடும்போது, நம் ஜெபப்புத்தகத்தின் மாலை ஆராதனை எங்கிருந்து வந்தது என்பது காதில் விழும். பழைய லண்டன் நகரப் பகுதியில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. 1666 பெருந்தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டியவை பல. அங்கே குடியிருப்பவர்கள் குறைவு, வேலைக்கு வருபவர்கள் அதிகம். அதனால் பல கோயில்கள் வாரநாளில் மும்முரமாகவும் ஞாயிறன்று பூட்டியும் இருக்கும். மதிய இடைவேளையில் போனால் ஜெபமும் கிடைக்கும், இலவசக் கச்சேரியும் கிடைக்கும்.

அப்படி ஒரு நாள் ஆல்ட்கேட் பக்கம் இருக்கும் செயின்ட் பொட்டால்ஃப்ஸ் கோயிலுக்குப் போங்கள். அங்கே குருவாக இருந்தவர் தாமஸ் ப்ரே. 1698-ல் எஸ்.பி.சி.கே., 1701-ல் எஸ்.பி.ஜி. என்ற இரண்டு சங்கங்களும் தொடங்க முன்னின்றவர். எஸ்.பி.சி.கே. தரங்கம்பாடி மிஷனுக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது. நாசரேத், முதலூர், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி.யின் கை பட்ட ஊர்கள். எங்கள் கிராமத்துக் கோயிலின் கதை இந்தத் தெருமுனையோடு தொடர்புடையது என்று அறிந்தபோது, இந்த நகரத்தில் நான் விருந்தாளி என்ற எண்ணம் போய்விட்டது.

சரி, பாரிஷ் கோயிலில் முதல் ஞாயிறு எப்படி இருக்கும்? வாசலில் ஒருவர் ஆராதனைத் தாளும் பாட்டுப் புத்தகமும் கொடுப்பார். கூட்டம் பெரும்பாலும் குறைவு. எழுநூறு பேர் கொள்ளும் விக்டோரியா காலத்துக் கட்டடத்தில் அறுபது பேர் பின்வரிசைகளில் பரவி உட்கார்ந்திருப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். சேலைத் தலைப்பால் முக்காடிடுவது உங்கள் வழக்கம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து கோயிலைச் சுற்றி வந்து கைகொடுப்பார்கள். திருவிருந்துக்கு நீங்கள் போகலாம். திடப்படுத்தல் பெற்ற சி.எஸ்.ஐ. உறுப்பினருக்குத் தடையே இல்லை, நம் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் அங்கம். ஒரே பாத்திரத்தில் குடிக்கத் தயக்கம் என்றால் அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதுவே முழுமையான திருவிருந்துதான். திடப்படுத்தல் பெறாத பிள்ளைகள் ஆராதனைத் தாளைக் கையில் பிடித்தபடி போனால் குருவானவர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்.

ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பின்பக்கம் மேசை போட்டு டீ, காபி, பிஸ்கட் வைத்திருப்பார்கள். ஆங்கிலக் கோயிலில் பேச்சு நடப்பது அங்கேதான். நம் ஊரில் புது முகம் வந்தால் "நீங்க யாரு, எந்த ஊரு, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்று கேட்டே தீருவார்கள். இங்கே கேட்பது அநாகரிகம் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். அதைப் பாராமுகம் என்று எடுத்துக்கொண்டு திரும்பி வராமல் போன தமிழர்கள் பலர். நீங்களே கப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கப் கழுவ நில்லுங்கள். ஒரே மாதத்தில் உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் கோயிலில் முதலில் என்னிடம் வந்து பேசியவர் ஜமைக்காவிலிருந்து வந்த ஓர் அம்மா. ஞாயிறு தவறாமல் தொப்பி வைத்து, கையுறை போட்டு வருவார். கிழக்கு லண்டன் பாரிஷ்கள் பலவற்றைத் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் கரீபியத் தீவுகளிலிருந்தும் நைஜீரியா, கானாவிலிருந்தும் வந்த இப்படிப்பட்ட அம்மாக்கள்தான். பல மாதம் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: அறுபதுகளில் அவர் இந்த நகரத்துக்கு வந்த புதிதில், வேறொரு கோயிலில் ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்த குருவானவர், "வந்ததற்கு நன்றி, ஆனால் அடுத்த வாரம் வரவேண்டாம், என் சபையாருக்குச் சங்கடமாக இருக்கிறது" என்றாராம். ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று, சொந்த ஊர் குருவின் கடிதத்தோடு வந்த பெண்ணிடம்! போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து வந்த வின்ட்ரஷ் தலைமுறைக்கு இப்படி நடந்ததற்கு 2020 பிப்ரவரியில் சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் ஆளும் மன்றமான பொதுச் சினட் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அடுத்த தெருக் கோயிலுக்குப் போனார், அங்கேயே நின்றார், அங்கே சபையார் தேர்ந்தெடுக்கும் மூத்த பொறுப்பாளரான சர்ச்வார்டன் ஆனார். இன்று நமக்கு வாசலில் கிடைக்கும் வரவேற்பு அவர்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றதால் கிடைத்தது.

இனி பெயர்ப் பதிவு. ஊரிலிருந்து வரும்போது சேகர குருவானவரிடம் சபை உறுப்பினர் கடிதமும் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களும் வாங்கி வாருங்கள். இங்கே 'எலெக்டோரல் ரோல்' என்ற கோயில் வாக்காளர் பட்டியல் உண்டு. ஞானஸ்நானம் பெற்று 16 வயது நிறைந்து, ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலுள்ள சபையைச் சேர்ந்தவராக இருந்து, அந்தப் பாரிஷ் எல்லைக்குள் குடியிருந்தால் உடனே பெயர் சேர்க்கலாம். எல்லைக்கு வெளியே இருந்தால் ஆறு மாதம் வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பக்கப் படிவம், கட்டணம் இல்லை. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலையே புதிதாக எழுதுவார்கள். 2025-ல் அப்படி எழுதினார்கள். அப்போது பழைய பெயர்களெல்லாம் போய்விடும், எல்லோரும் மறுபடி படிவம் தரவேண்டும். நாம் ஏற்கெனவே உறுப்பினர்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

மே 31-க்குள் ஆண்டுக் கூட்டம் நடக்கும். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே பட்டியலை மூடிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சர்ச்வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமும் நடக்கும். அதில் வாக்களிக்கக் கோயில் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் பாரிஷில் குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். விசாவில் முறையாக வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அந்த வாக்காளர் பட்டியலில் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஊரில் சபைத் தேர்தல் என்றால் அணி, நோட்டீஸ், வீடு வீடாக ஓட்டு என்று சூடு பறக்கும். இங்கே நிலைமை நேர்மாறு. பொறுப்புக்கு ஆள் கிடைக்காமல் குருவானவர் தனித்தனியாகப் போய்க் கெஞ்சுவார். பி.சி.சி.க்குக் கணக்குத் தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் கிடைத்தால் பெரும் பேறு. நம்மவர்களிடம் இந்தத் திறமைகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒன்று, பி.சி.சி. உறுப்பினர் என்றால் சட்டப்படி அறக்கட்டளை நிர்வாகி. பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர்களுக்கு டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. நம் ஊர் அம்மாக்கள் சிலர் "என்னைச் சந்தேகப்படுகிறார்களா" என்று வருத்தப்படுவார்கள். பிள்ளைகளைக் காப்பதற்காக எல்லோருக்கும் பொதுவாக வைத்த விதி அது. நம் ஊரிலும் வரவேண்டிய ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இது அரசருக்குக் கீழ் உள்ள திருச்சபை, அரசு பணம் தரும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். வழக்கமான செலவுக்கு அரசு எதுவும் தருவதில்லை. விளக்கு, ஹீட்டிங், கூரை எல்லாமே காணிக்கையிலும் ஹால் வாடகையிலும் ஓடுகின்றன. குருமார்களின் சம்பளத்துக்காகத் திருமண்டலத்துக்கும் ஒவ்வொரு பாரிஷும் பங்கு கட்டவேண்டும். நீங்கள் வருமான வரி கட்டுபவராக இருந்தால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்திடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித்துறையிலிருந்து கோயிலுக்குத் திரும்ப வரும். உங்கள் கையிலிருந்து கூடுதலாக ஒரு காசு போகாது.

குடும்ப நிகழ்ச்சிகளில் ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது. பாரிஷில் குடியிருப்பவர் கேட்டால் குருவானவர் மறுக்க முடியாது. ஆயத்த வகுப்புக்காகத் தள்ளிவைக்கலாம். ஞானப் பெற்றோர் மூவர் வேண்டும், அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்கவேண்டும். கல்யாணத்தில்தான் நம்மவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தால் போதும் என்று மண்டபம்வரை பேசிவிடுவார்கள். மணமக்களில் ஒருவர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை இல்லாதவர் என்றால் பெரும்பாலும் அந்த வழி செல்லாது. இருவரும் பதிவு அலுவலகத்தில் நேரில் நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். சிலருக்கு அது 70 நாள்வரை நீளும். பத்திரிகை அடிக்கும் முன் குருவானவரைப் பார்த்துவிடுங்கள். பள்ளி விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால்: சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளிகளில் சில, ஆராதனை வருகையைக் கணக்கில் எடுக்கும், சில தூரத்தை மட்டும் பார்க்கும். ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை விதியையும் படியுங்கள். ஆரம்பப் பள்ளி விண்ணப்பத்துக்கு ஜனவரி 15 கடைசி நாள். வருகைக்காகக் குருவானவர் கையெழுத்திடும் தனிப் படிவத்தைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கவேண்டும். கவுன்சில் விண்ணப்பம் மட்டும் போதாது.

எனக்கு இந்தக் கோயிலை உண்மையிலேயே அறிமுகப்படுத்தியது எங்கள் விக்கர் (பாரிஷ் குரு) ஓய்வு பெற்றுப் போன பிறகு வந்த நீண்ட இடைவெளிதான். ஊரில் குருவானவர் மாற்றலாகிப் போனால் அடுத்த வாரமே இன்னொருவர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார். பேராயர் உத்தரவு அது. இங்கே அப்படி இல்லை. இடம் காலியானதும் பி.சி.சி. கூடி, பாரிஷைப் பற்றி ஓர் அறிக்கை எழுதவேண்டும். யார் வாழ்கிறார்கள், எத்தனை மொழி பேசுகிறார்கள், எங்களுக்கு எப்படிப்பட்ட குரு வேண்டும் என்று. ஆள் நியமிக்கும் உரிமை பேட்ரனுக்கு. அது பேராயராக இருக்கலாம், அரசராக இருக்கலாம், ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றாகக்கூட இருக்கலாம். பாரிஷ் தேர்ந்தெடுத்த இரண்டு பிரதிநிதிகள் சம்மதிக்காமல் யாரையும் நியமித்துவிட முடியாது. விளம்பரம், நேர்காணல், பழைய இடத்தில் அவர் கொடுக்கும் நோட்டீஸ் காலம் எல்லாம் சேர்த்து ஓராண்டு ஓடிவிடும்.

அந்தக் காலம் முழுவதும் கோயிலை நடத்துவது இரண்டு சர்ச்வார்டன்கள். நான் அப்போது பி.சி.சி.யில் இருந்தேன், வார்டன் அம்மாவுக்குத் துணையாக நின்றேன். வியாழக்கிழமை வந்தால் முதல் கவலை, ஞாயிறு திருவிருந்து நடத்த யார் வருவார் என்பதுதான். ஓய்வு பெற்ற குருமார்களின் தொலைபேசி எண்கள் எழுதிய ஒரு நோட்டு இருந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இரண்டு பஸ் மாறி வருவார். யாரும் கிடைக்காத ஞாயிறுகளில் திருவிருந்து இல்லை. குருப்பட்டம் பெறாத ஆராதனை ஊழியரான ரீடர் ஒருவர் காலை ஜெபம் நடத்துவார். எனக்கு அது புதிதாகவே இல்லை. கிராமத்தில் மாதம் ஒருமுறைதான் குருவானவர் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். குரு இல்லாமல் சபை எப்படி என்று கலங்கிப்போயிருந்த சபையாருக்கு அதைச் சொன்னேன், அடுத்த பி.சி.சி.யில் அதைப் பற்றி நெடுநேரம் கேட்டார்கள்.

ஆராதனைக்குப் பிறகு வெஸ்ட்ரி என்ற சிறு அறையில் வேலை தொடங்கும். காணிக்கையை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். ஆராதனைப் பதிவேட்டில் தேதி, நடத்தியவர், வந்தவர்கள், திருவிருந்து பெற்றவர்கள், காணிக்கை எல்லாம் எழுதவேண்டும். எங்கள் பதிவேட்டின் பழைய தொகுதியைப் புரட்டினால் 1940-ன் பக்கங்களில் விமானத் தாக்குதல் என்ற குறிப்போடு ஒற்றை இலக்கத்தில் எண்கள் இருக்கும். அலமாரியில் வெள்ளிப் பாத்திரங்கள். அசையும் பொருள்களெல்லாம் சட்டப்படி சர்ச்வார்டன்கள் பெயரில் இருப்பதால், ஆண்டுதோறும் பட்டியலை வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கட்டடத்தைத் தொடுவது இன்னும் பெரிய காரியம். ஓர் இருக்கையை அகற்ற வேண்டும் என்றாலும் 'ஃபேகல்ட்டி' என்ற திருமண்டல அனுமதி வேண்டும். சின்ன வேலைகளுக்கு ஏ, பி என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. ஏ பட்டியல் வேலைக்கு அனுமதி தேவையில்லை, பி பட்டியலுக்கு, பேராயருக்குக் கீழ் உள்ள மூத்த குருவான ஆர்ச்டீக்கனின் எழுத்துமூலச் சம்மதம் போதும். பாய்லர் கெட்ட குளிர்காலத்தில் முதலில் இந்தப் பட்டியலைப் பார்க்கத் தெரிந்திருந்ததால் பல வாரக் காத்திருப்பு மிச்சமானது. பொறுப்பில் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் தரும் ஆய்வு அறிக்கையை முதலில் வாங்கிப் படியுங்கள். எந்தக் கூரை எப்போது ஒழுகும் என்பது அதிலேயே இருக்கும்.

தமிழ் ஆராதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். லண்டனில் பல தமிழ்ச் சபைகள் பாரிஷ் கோயில்களில்தான் பிற்பகலில் கூடுகின்றன. தாய்மொழியில் பாடி, முழங்கால் படியிட்டு ஜெபிக்க மனம் ஏங்குவது இயல்பு, நானும் போகிறேன். கீர்த்தனை ஒன்றை ஹார்மோனியத்தோடு கேட்காமல் மாதம் போனால் எனக்கு நெஞ்சு வறண்டுவிடும். ஆனால் காலையில் அதே கட்டடத்தில் கூடும் பாரிஷ் சபையை முகம் தெரியாத வீட்டுக்காரராக வைத்திருக்கக் கூடாது. எங்கள் கோயிலில் ஹால் சாவி, சமையலறைச் சுத்தம், கார் நிறுத்தம் என்று சின்னச் சின்ன உரசல்கள் வளர்ந்துகொண்டே போயின. இரு தரப்பிலும் இருந்த நாங்கள் சிலர் உட்கார்ந்து எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டோம்: யார் பூட்டுவது, எத்தனை மணிக்கு, எவ்வளவு வாடகை, பிள்ளைகள் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு. வாய்மொழி ஏற்பாடு ஆள் மாறும்போது உடையும். எழுத்தில் இருக்கட்டும், ஆண்டுக்கு ஒருமுறை இரு சபையும் கூடிப் பார்க்கட்டும்.

அதற்கடுத்த அக்டோபரில் அறுப்பின் பண்டிகையைச் சேர்ந்தே நடத்தினோம். இங்கே வழக்கம், உணவு வங்கிக்காக டின்னில் அடைத்த பீன்ஸ், பாஸ்தா, அரிசி கொண்டுவருவது. தமிழ்க் குடும்பங்கள் வாழைத்தார், தேங்காய், முறுக்கு, வீட்டுத் தோட்டத்துச் சுரைக்காய் கொண்டுவந்தார்கள். ஊர் முறைப்படி ஏலம் விட்டோம். ஜமைக்கா அம்மா சுரைக்காயை விடவே இல்லை. நைஜீரிய அண்ணன் ஒருவர் அவரோடு போட்டி போட்டு ஏற்றினார். வந்த பணம் கூரை நிதிக்கு, டின்கள் உணவு வங்கிக்கு. அடுத்த ஆண்டு பி.சி.சி.யே அதைக் கால அட்டவணையில் போட்டுவிட்டது.

மாணவராக ஓராண்டுக்கு மட்டும் வருபவர்கள், "கொஞ்ச நாளுக்குப் பெயர் எதற்கு?" என்று கேட்கிறார்கள். பாரிஷ் எல்லைக்குள் இருந்தால் காத்திருப்பே இல்லை, முதல் மாதமே எலெக்டோரல் ரோலில் சேரலாம். வீடு மாறினால் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆங்கிலிக்கன் சாப்ளின், அதாவது மாணவர்களுக்கான குரு, இருக்கிறார். பரீட்சை, பணம், மனச்சோர்வு எதுவானாலும் அவரிடம் பேசலாம், நீங்கள் எந்த மதத்தவர் என்று கேட்கமாட்டார். திரும்பி ஊருக்குப் போகும்போது உங்கள் பாரிஷ் குருவிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சொந்தச் சேகரத்தில் கொடுத்தால் இடைப்பட்ட காலத்தில் நீங்கள் எந்தச் சபையில் இருந்தீர்கள் என்ற கேள்வியே எழாது.